ஜேர்மன் இராணுவக் கைத்துப்பாக்கிகள்: இரும்பில் பொறித்த முத்திரைகளை வாசிப்பது எப்படி?

இரண்டு உலகப் போர்களிலும் ஜேர்மன் படையினர் இடுப்பில் கட்டியிருந்த கைத்துப்பாக்கிகளுக்கு இன்று உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஏல நிலையங்களில் அவை நகைகளைப் போல் துணி விரித்துக் கிடத்தப்பட்டிருக்கும். போரை வீட்டு முற்றத்தில் கண்ட எங்களுக்கு இந்த மோகம் இலகுவில் விளங்காது. துப்பாக்கியைப் பார்த்து "வடிவாக இருக்கிறது" என்று சொல்ல எங்களில் பலருக்கு வாய் வராது. அதில் தவறும் இல்லை.

ஆனாலும் இந்தத் துறையைப் பற்றி அறிந்துகொள்வதில் ஒரு பயன் இருக்கிறது. ஒரு ஆயுதத்தை யார் செய்தார்கள், எந்த ஆண்டில் செய்தார்கள், எந்தப் படைப்பிரிவுக்குக் கொடுத்தார்கள், கடைசியில் யார் கைப்பற்றினார்கள் என்பதை அந்த இரும்பிலேயே பெரும்பாலும் வாசித்துவிடலாம். ஜேர்மன் படைத்துறை எதையும் இலக்கமிட்டு, முத்திரை குத்தி, பதிவு செய்து வைப்பதில் பிடிவாதமானது. அந்தப் பிடிவாதம் பின்னாளில் அவர்களுக்கே எதிரான சாட்சியாகவும் மாறியது. தவிர, ஐரோப்பாவில் வாழும் எம்மவர்கள் பழைய பொருட் சந்தைகளிலும், வாங்கிய பழைய வீடுகளின் பரண்களிலும் இப்படியான பொருட்களை எதிர்கொள்ள வாய்ப்புண்டு. அப்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

லூகர் பி.08

ஜேர்மன் கைத்துப்பாக்கி என்றதும் பலருக்கு நினைவில் வருவது சாய்ந்த கைப்பிடியும் மெலிந்த குழலும் கொண்ட லூகர்தான். திரைப்படங்களில் நாசி அதிகாரியின் கையில் எப்போதும் இருப்பது இதுவே. ஆனால் இது நாசிகளின் காலத்தில் பிறந்த ஆயுதம் அல்ல. ஹியூகோ போர்ஷார்ட் என்பவர் 1893இல் வடிவமைத்த பருத்த, கையாளக் கடினமான ஒரு துப்பாக்கியை, ஒஸ்திரியரான ஜோர்ஜ் லூகர் திருத்தியமைத்து உருவாக்கியது இது. முதலில் இதை ஏற்றுக்கொண்ட இராணுவமும் ஜேர்மனியுடையது அல்ல; சுவிற்சர்லாந்து 1900ஆம் ஆண்டிலேயே இதைத் தன் படைக்கு எடுத்துக்கொண்டது. ஜேர்மன் கடற்படை 1904இலும், தரைப்படை 1908இலும் ஏற்றன. பி.08 என்ற பெயரில் உள்ள 08 அந்த ஆண்டைக் குறிக்கிறது.

இதன் அடையாளம் மேற்பகுதியில் உள்ள மூட்டு. சுட்டவுடன் மனிதனின் முழங்கால் மடிவதுபோல் அது மேல்நோக்கி மடிந்து, வெற்றுக் கோதை வெளியே தள்ளி, அடுத்த ரவையை ஏற்றும். ஜேர்மனியரும் அதை முழங்கால் மூட்டு என்றே அழைக்கிறார்கள். ரவைக்கூட்டில் 8 ரவைகள். தரைப்படைக்குரியதில் குழலின் நீளம் 100 மில்லிமீற்றர்; கடற்படையினுடையதில் 150; பீரங்கிப் படையினருக்காகச் செய்யப்பட்டதில் 200. இந்தக் கடைசி வகைக்கு மரத் தோள்தாங்கியும், நத்தை ஓடு போன்ற 32 ரவைகள் கொள்ளும் வட்ட ரவைக்கூடும் இருந்தன. இன்று உலகில் அதிகம் புழங்கும் 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி ரவை இந்த லூகருக்காக 1902இல் உருவாக்கப்பட்டதுதான். எமது மண்ணில் சிதறிக் கிடந்த 9 மில்லிமீற்றர் கோதுகளின் மூதாதையும் அதுவே.

ஒரு லூகரை அடையாளம் காண மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். மூட்டின் முன்பகுதியின் மேல் செய்தவரின் அடையாளம் இருக்கும். பின்னிப் பிணைந்த டி.டபிள்யு.எம் என்ற எழுத்துகள் இருந்தால் பேர்லின் நிறுவனத்தின் தயாரிப்பு. கிரீடமும் அதன் கீழ் ஏர்பூர்ட் என்ற சொல்லும் இருந்தால் அரச ஆயுதசாலை. ரவையறையின் மேல் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். உடற்சட்டத்தின் முன்பக்கம், குழலின் அடி, மேற்பகுதியின் இடப்பக்கம் ஆகியவற்றில் முழுத் தொடரிலக்கம் இருக்கும். சிறிய பாகங்களில் அந்த இலக்கத்தின் கடைசி இரு இலக்கங்கள் மட்டும் குத்தப்பட்டிருக்கும்.

இந்தத் தொடரிலக்கம் புதியவர்களை ஏமாற்றும். நான்கு இலக்கத்துக்கு மேல் போகாது என்பதால் "மிக முந்திய துப்பாக்கி" என்று விற்பவர் சொல்வார். உண்மை வேறு. ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒவ்வொரு ஆண்டும் 1இல் தொடங்கி 10,000 வரை எண்ணி, பிறகு ஒரு சிறிய எழுத்தைச் சேர்த்து மீண்டும் 1இலிருந்து எண்ணியது. ஆகவே ஒரே இலக்கத்தைக் கொண்ட பல லூகர்கள் உலகில் உண்டு. ஆண்டு, தொழிற்சாலை, இலக்கம், அதன் கீழுள்ள எழுத்து என்ற நான்கும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கிக்கு அடையாளம்.

எல்லாப் பாகங்களிலும் இலக்கம் பொருந்தியிருந்தால் விலை ஏறும். ஒரு பாகம் மாறினாலும் விலை சரியும். ரவைக்கூடும் அதே இலக்கத்தில் இருந்தால் இன்னும் ஏறும், ஏனென்றால் போர்க்களத்தில் முதலில் தொலைவது ரவைக்கூடுதான். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இரண்டு ரவைக்கூடுகள் கொடுக்கப்பட்டன. இரண்டாவதன் அடியில் இலக்கத்துடன் ஒரு கூட்டல் குறியும் இருக்கும்.

கைப்பிடியின் முன் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் படைப்பிரிவின் முத்திரை காணப்படும். ரெஜிமென்ட் இலக்கம், கொம்பனி இலக்கம், அந்தக் கொம்பனியில் இந்த ஆயுதத்தின் வரிசை இலக்கம் என்று சுருக்கமாகக் குத்தியிருப்பார்கள். முதலாம் உலகப்போரில் அந்தக் கொம்பனி எங்கே நின்றது என்பது பதிவுகளில் இருப்பதால், கையில் இருக்கும் துப்பாக்கி எந்தப் பதுங்குகுழி வரை போயிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. எனக்கு இந்தத் துறையில் மதிப்பு ஏற்படுத்திய விடயம் இதுதான். துப்பாக்கியின் அழகைவிட அதை ஏந்தியவனின் தடத்தைத் தேடுவது மேலான வேலை.

1920 என்ற முத்திரை

சில லூகர்களில் ரவையறையின் மேல் இரண்டு ஆண்டுகள் இருக்கும். 1916 என்றோ 1917 என்றோ ஒன்று. அதற்கு மேல் 1920 என்று இன்னொன்று. பலர் இதைத் திருத்திச் செய்த ஆண்டு என்று நினைப்பதுண்டு.

போர் தோற்றபின் ஜேர்மனியில் படையிலிருந்து வீடு திரும்பியவர்களிடமும் ஆயுதக் குழுக்களிடமும் எண்ணற்ற துப்பாக்கிகள் இருந்தன. வேர்சாய் உடன்படிக்கை படையை ஒரு இலட்சம் பேருக்குள் சுருக்கியது. 1920 ஓகஸ்டில் பொதுமக்களிடமிருந்து ஆயுதங்களைக் களையும் சட்டம் கொண்டுவரப்பட்டது. அரசுக்குச் சொந்தமான ஆயுதங்களில் 1920 என்று குத்தினார்கள். அந்த முத்திரை இல்லாத இராணுவத் துப்பாக்கி ஒன்று ஒருவரிடம் இருந்தால் அது ஒளித்து வைக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க இது ஒரு வழி. போர் முடிந்தபின் "கையில் இருப்பதை ஒப்படை" என்ற அறிவிப்பு எத்தனை பயத்தைக் கொண்டுவரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நான்கு இலக்கங்களில் இருப்பது அந்தக் காலந்தான்.

அதே உடன்படிக்கையின்படி புதிய லூகர்களைப் படைக்குச் செய்துகொடுக்க அனுமதி பெற்றது சூல் நகரத்தின் சிம்சன் நிறுவனம். யூதக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமானது. நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் தங்கள் படையின் ஆயுதம் யூதர்களிடமிருந்து வருவதைப் பொறுக்கமாட்டாமல் வழக்குகளைச் சோடித்தார்கள்; குடும்பத்தவர் சிறையிலடைக்கப்பட்டார்; நிறுவனம் பறிக்கப்பட்டது. 1936இல் அவர்கள் நாட்டைவிட்டுத் தப்பினார்கள். பறிக்கப்பட்ட நிறுவனம் பின்னர் குஸ்ட்லோவ் என்ற நாசி நிறுவனத்தின் பகுதியாகி, புகன்வால்ட் வதைமுகாம் கைதிகளின் உழைப்பைப் பயன்படுத்தியது. சிம்சன் என்று மூட்டில் எழுதிய லூகர் இன்று அரியது, விலை கூடியது.

பெயரை மறைத்த எழுத்துகள்

1930இல் லூகர் தயாரிப்பு ஓபர்ண்டோர்வ் நகரத்திலுள்ள மௌசர் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டது. ஹிற்லர் ஆட்சிக்கு வந்தபின், உடன்படிக்கையை மீறி ஆயுதம் செய்வதை மறைக்க, தொழிற்சாலையின் பெயருக்குப் பதில் எஸ்/42 என்ற குறியீட்டையும், ஆண்டுக்குப் பதில் ஒரு எழுத்தையும் குத்தினார்கள். 'கே' என்றால் 1934. 'ஜி' என்றால் 1935. 1936இலிருந்து மறைப்பை விட்டு ஆண்டை வெளிப்படையாகவே போட்டார்கள். பிறகு எஸ் போய் 42 மட்டும் நின்றது. 1941இலிருந்து பி.வை.எப் என்ற மூன்று எழுத்துகள் வந்தன. 1942உடன் படைக்கான லூகர் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆகவே "1944ஆம் ஆண்டின் பி.வை.எப் இராணுவ லூகர்" என்று எவராவது விற்க வந்தால் கேள்விமேல் கேள்வி கேளுங்கள்.

இந்த எழுத்துக் குறியீடுகளுக்கும் நிறுவனங்களின் பெயர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எதிரி ஒரு ஆயுதத்தைக் கைப்பற்றினால் எந்தத் தொழிற்சாலையைக் குண்டுவீசி அழிப்பது என்று தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். ஆனால் குறியீடுகளுக்கான பட்டியல்களை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் அவை வெற்றியாளர்களின் கையில் சிக்கி வெளியாகின. இன்று பத்து வயதுப் பிள்ளைகூட பி.வை.எப் என்றால் மௌசர், ஏ.சி என்றால் வால்தர், சி.வை.கியு என்றால் ஸ்பிறீவேர்க் என்று தேடிக் கண்டுபிடிக்கலாம்.

இவற்றோடு, விரித்த சிறகுடன் ஒரு கழுகும் அதன்கீழ் ஒரு இலக்கமும் பல பாகங்களில் இருக்கும். இராணுவ ஆயுதத் திணைக்களத்தின் பரிசோதகர் அந்தப் பாகத்தைப் பார்த்து ஏற்றார் என்பதற்கான முத்திரை அது. மௌசரின் பிந்திய லூகர்களில் 655, வால்தரின் பி.38இல் 359, மௌசரின் பி.38இல் 135, ஸ்பிறீவேர்க்கினுடையதில் 88 ஆகியவை காணப்படும். குறியீடும் கழுகின் இலக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பாகங்கள் கலந்திருக்கின்றன, அல்லது யாரோ கைவேலை செய்திருக்கிறார்கள்.

நிறத்தையும் பார்க்க வேண்டும். மௌசரில் 1937ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை சுடுவிசை, பாதுகாப்புப் பூட்டு போன்ற சிறு பாகங்கள் சூடாக்கப்பட்டு வைக்கோல் மஞ்சள் நிறத்தில் விடப்பட்டன. அதன்பிறகு எல்லாமே கருநீலம். 1941ஆம் ஆண்டு லூகரில் மஞ்சள் விசை பளபளத்தால் அது பின்னால் வந்த ஒருவர் அழகுபடுத்தியது.

பி.38உம் அதைச் செய்த கைகளும்

லூகர் செய்ய அதிக நேரமும் திறமையான தொழிலாளரும் தேவைப்பட்டன. சேறும் தூசியும் புகுந்தால் அடம்பிடிக்கும். ஆகவே வால்தர் நிறுவனம் வடிவமைத்த வேறொரு கைத்துப்பாக்கியை 1938இல் ஏற்றார்கள். ரவையறையில் ரவை இருக்கும்போதே சுத்தியலைப் பாதுகாப்பாக இறக்கி வைத்து, தேவையானபோது விசையை நீள இழுத்தே முதல் வெடியைச் சுடலாம் என்பது இதன் புதுமை. இன்றைய பல படைத்துறைக் கைத்துப்பாக்கிகளில் இந்த ஏற்பாட்டைக் காணலாம். போர் முடியும்வரை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பி.38கள் செய்யப்பட்டன.

அடையாளம் காண்பது லூகரைவிட இலகு. சிலைட் எனப்படும் நகரும் மேற்பகுதியின் இடப்பக்கத்தில் பி.38 என்ற பெயரும், தொழிற்சாலைக் குறியீடும், ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும், தொடரிலக்கமும் இருக்கும். ஆகத் தொடக்கத்துத் தயாரிப்பில் இலக்கத்தின் முன் பூச்சியம் ஒன்று இருக்கும், பிறகு சிறிது காலம் 480 என்ற குறியீடு, 1940இலிருந்து ஏ.சி. ஸ்பிறீவேர்க் மட்டும் ஆண்டு போடவில்லை. மேற்பகுதி, உடற்சட்டம், குழல் ஆகிய மூன்றிலும் ஒரே இலக்கம் இருக்க வேண்டும்.

1940ஆம் ஆண்டின் பி.38ஐயும் 1945இனதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போரின் போக்கே தெரியும். முந்தியது கண்ணாடிபோல் மெருகிடப்பட்டது. பிந்தியதில் கடைசல் இயந்திரத்தின் கீறல்கள் அப்படியே இருக்கும். நிறம் திட்டுத்திட்டாக இருக்கும். இன்றைய செக் குடியரசில் இருந்த ஸ்பிறீவேர்க்கின் கிறோட்டாவ் தொழிற்சாலைத் துப்பாக்கிகள் இதில் மிக மோசம். கடைசி மாதங்களில் எதைப் பொருத்த முடிந்ததோ அதைப் பொருத்தி அனுப்பினார்கள்.

அந்தக் கீறல்களுக்குக் காரணம் அவசரம் மட்டுமல்ல. ஆண்கள் எல்லோரும் போர்முனையில் இருக்க, தொழிற்சாலைகளில் நின்றவர்கள் கைப்பற்றப்பட்ட நாடுகளிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்கள். ஓபர்ண்டோர்வ் மௌசரில் அப்படி ஆயிரக்கணக்கானோர். அந்நகரின் ஐஸ்ரைக் பகுதியில் "வேலைக் கல்வி முகாம்" என்ற பெயரில் ஒரு தண்டனை முகாமே இருந்தது. வால்தர் நிறுவனம் ஹம்பேர்க் அருகே நொயன்கம்ம வதைமுகாமுக்கு உள்ளேயே தன் தொழிற்சாலையைக் கட்டியது. கோடுபோட்ட உடையில் பசியோடு நின்ற கைதிகள் அங்கே துப்பாக்கிப் பாகங்களைக் கடைந்தார்கள். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. முகாம் நினைவிடத்தின் ஒரு பகுதியாக, ஆயுதத் தொழிலில் கைதிகளின் உழைப்பு பற்றிய கண்காட்சி அதில் இருக்கிறது. சேகரிப்பாளர்களின் கையேடுகள் முத்திரைகளைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு இதை ஒரு வரியில் கடந்து போவதுண்டு. முத்திரையை வாசிக்கத் தெரிந்தவர்கள் இதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

போலந்தின் ராடோம் நகரக் கதை இன்னும் கொடியது. அங்கே போலந்தினர் தமது படைக்காக விஸ் என்ற அருமையான கைத்துப்பாக்கியைச் செய்துவந்தார்கள். 1939இல் நாட்டைப் பிடித்த ஜேர்மனியர் அதே தொழிற்சாலையில் அதே தொழிலாளரை வைத்துத் தமக்காகச் செய்வித்தார்கள். போருக்கு முந்தியவற்றின் மேல் போலந்தின் கழுகு இருக்கும். பிந்தியவற்றில் ஜேர்மன் பரிசோதகரின் கழுகு. தொழிலாளர்கள் பாகங்களைக் களவாக வெளியே கடத்தி எதிர்ப்பியக்கத்துக்குக் கொடுத்தார்கள். 1942 ஒக்டோபரில் அது அம்பலமானபோது, தொழிலாளர்களும் உறவினர்களுமாகப் பலர் பகிரங்கமாகத் தூக்கிலிடப்பட்டார்கள். அதன்பிறகு குழல்களை ராடோமில் செய்யவிடவில்லை. ஒஸ்திரியாவின் ஸ்ரெயர் நிறுவனத்தில் செய்து அங்கேயே பொருத்தினார்கள். குழல் இல்லாமல் மற்றப் பாகங்களைக் கடத்தி என்ன பயன்?

பிற வகைகள்

மௌசர் சி.96 இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1896இல் வந்தது. துடைப்பக்கட்டை போன்ற உருண்ட கைப்பிடி, விசைக்கு முன்னால் பெட்டிபோன்ற ரவைக்கூடு, உறையாகவும் தோள்தாங்கியாகவும் பயன்படும் மரப்பெட்டி. 1898இல் சூடானில் ஒம்டுர்மான் சமரில் இளம் வின்ஸ்ரன் சேர்ச்சில் ஏந்தியது இதைத்தான். சீனாவில் இதற்கு இருந்த வரவேற்பு ஜேர்மனியில்கூட இருக்கவில்லை. அங்கே உள்ளூர்ப் பட்டறைகள் நகல்களைச் செய்து குவித்தன. முதலாம் உலகப்போரின் நடுவில் கைத்துப்பாக்கிப் பஞ்சம் வந்தபோது ஜேர்மன் படை 9 மில்லிமீற்றர் அளவில் இதை வாங்கியது. பழைய 7.63 மில்லிமீற்றர் ரவையோடு குழம்பாமல் இருக்க, மரக் கைப்பிடியில் 9 என்று பெரிதாகச் செதுக்கிச் சிவப்பு நிறம் பூசினார்கள். கைப்பிடியை மாற்றினால் எந்த சி.96உம் சிவப்பு ஒன்பதாகிவிடும் என்பதால், குழலை அளந்து பார்க்காமல் இதை நம்பக்கூடாது.

வால்தர் பிபி, பிபிகே ஆகிய சிறிய கைத்துப்பாக்கிகள் காவல்துறையினருக்கும் அதிகாரிகளுக்கும் உரியவை. கட்சித் தலைவர்களுக்கென்று கழுகு பொறித்த கைப்பிடியுடன் கொடுக்கப்பட்ட பிபிகேக்குப் பெரிய விலை. அதனால் உலகில் அசலைவிடப் போலியே அதிகம்.

கைமாறிய தடங்கள்

தோற்ற படையின் ஆயுதம் வென்றவனிடம் போகும். யாரிடம் போனது என்பதற்கும் அடையாளம் உண்டு. சோவியத் படைகள் இலட்சக்கணக்கில் கைப்பற்றியவற்றைக் கழற்றிக் குவித்து, பழுதுபார்த்து, மீண்டும் பொருத்தி, கறுப்பு இரசாயனத்தில் முக்கி எடுத்து வைத்தார்கள். பாகங்களின் இலக்கங்கள் பொருந்தாது. பலவற்றில் மேலே ஒரு பெருக்கல் குறி இருக்கும். அவற்றில் ஒரு பகுதி பின்னர் வட வியட்நாமுக்குப் போனது. ஓபர்ண்டோர்வ் நகரைப் பிடித்த பிரெஞ்சுப் படை, இருந்த பாகங்களைக்கொண்டு 1946வரை பி.38ஐத் தொடர்ந்து செய்வித்தது. எஸ்.வி.டபிள்யு என்ற குறியீடும் ஐந்துமுனை நட்சத்திரமும் சாம்பல் நிறமும் அவற்றின் அடையாளம். நாசிகளிடமிருந்து விடுதலை பெற்ற அதே பிரான்ஸ், அந்தத் துப்பாக்கிகளை இந்தோசீனாவில் விடுதலை கேட்டவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தியது.

அமெரிக்கப் படையினர் தாம் எடுத்த ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மேலதிகாரி ஒப்பமிட்ட ஒரு துண்டுக் கடிதம் பெற வேண்டியிருந்தது. தொடரிலக்கம் எழுதிய அந்தக் கடிதம் துப்பாக்கியோடு சேர்ந்து கிடைத்தால் சேகரிப்பாளருக்கு அது பெரும் பேறு.

ஓபர்ண்டோர்வின் கதை அத்தோடு முடியவில்லை. மௌசர் தொழிற்சாலை கலைக்கப்பட்டபின் அங்கிருந்த பொறியியலாளர்கள் மூவர் 1949இல் அதே ஊரில் ஹெக்லர் அன்ட் கோக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எண்பதுகளில் இலங்கை இராணுவத்தின் கைகளில் நாங்கள் கண்ட ஜி-3 துப்பாக்கி அந்த நிறுவனத்தின் வழிவந்தது.

போலிகள்

விலை இருக்கும் இடத்தில் போலி இருக்கும். ஜேர்மன் கைத்துப்பாக்கிகளில் நான்கு வகை மோசடி அதிகம்: இலக்கத்தை உரசி அழித்துப் புதிதாகக் குத்துவது, மெருகைப் புதுப்பித்துப் பழமைபோல் காட்டுவது, நாசிச் சின்னங்களைச் சேர்ப்பது, கதை கட்டுவது.

பழைய முத்திரையை அடித்தபின் மெருகிட்டார்களா, மெருகிட்டபின் அடித்தார்களா என்பதைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் தெரியும். உரசிய இடத்தில் தட்டையான மேற்பரப்பு ஒளியில் சற்றுக் குழிந்து காட்டும். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்து உள்ளே நிறம் புதிதாக இருந்தால் பின்னாளில் மெருகிடப்பட்டது. 1940க்கு முந்திய வணிகத் துப்பாக்கிகளில் பரிசோதனை முத்திரை கிரீடமும் 'என்' எழுத்தும். அதன்பிறகே கழுகும் 'என்' எழுத்தும். 1920களின் வணிக லூகரில் நாசிக் கழுகு உட்கார்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

மண்டையோட்டுச் சின்னமும் எஸ்.எஸ் எழுத்துகளும் பொறித்த லூகர்கள் பெரும்பாலும் போருக்குப் பிந்திய கைவேலைகள். எஸ்.டி என்று கைப்பிடி விளிம்பில் பொறித்த லூகரைக் காட்டி, எஸ்.எஸ் உளவுப்பிரிவினுடையது என்று சொல்லி இருமடங்கு கேட்பார்கள். டுசெல்டோர்வ் மாவட்டக் காவல்துறையின் சுருக்கமே அது. போக்குவரத்தைப் பார்த்த பொலிஸ்காரரின் துப்பாக்கியாகக்கூட இருக்கலாம். கொலைகாரனின் ஆயுதத்துக்குப் பொலிஸ்காரரின் ஆயுதத்தைவிட ஏன் விலை அதிகம் என்பது எனக்கு இன்றுவரை செரிக்காத விடயம்.

கறுப்புப் பிளாஸ்ரிக் கைப்பிடி கொண்ட 1941, 1942 லூகர்களை "கறுப்பு விதவை" என்று விற்பதும் அப்படித்தான். ஜேர்மன் படையில் அப்படி ஒரு பெயரே இருந்ததில்லை; அமெரிக்க வியாபாரிகள் சூட்டியது.

சட்டமும் பாதுகாப்பும்

பழைய துப்பாக்கியும் துப்பாக்கிதான். நூறு வயதான லூகரில் இன்றைய 9 மில்லிமீற்றர் ரவை போகும். ரவைக்கூட்டைக் கழற்றிவிட்டால் வெறுமை என்று நினைப்பது உயிருக்கு ஆபத்து. ரவையறையில் ஒன்று இருக்கலாம். பி.38இல் பாதுகாப்புப் பூட்டைப் போட்டதும் சுத்தியல் தானாக விழும். பாகங்கள் தேய்ந்த பழைய துப்பாக்கியில் அப்போது வெடித்துவிடக்கூடும். பரணிலோ தோட்டத்திலோ கண்டெடுத்தால் தூக்கிப் பார்க்கவே வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிஸை அழையுங்கள்; நீங்களே பையில் போட்டுக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் வழியில் பிடிபட்டுச் சட்டவிரோதமாக ஆயுதம் கொண்டுசென்றவராகிவிடுவீர்கள்.

ஜேர்மனியில் சேகரிப்பாளருக்கென்று சிவப்பு நிற அனுமதி அட்டை உண்டு. எந்தத் துறையில், எதற்காகச் சேகரிக்கிறார் என்று அதிகாரிகளுக்கு நிறுவ வேண்டும். மரணச்சொத்தாக ஆயுதம் வந்தால் அதை ஏற்ற ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சுவஸ்திகாவைப் பகிரங்கமாகக் காட்டுவது அங்கே குற்றம் என்பதால் சந்தைகளில் உறைகளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டியிருப்பார்கள்.

சுவிற்சர்லாந்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டு ஆயுத விதிகளின்படி சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ தடை இருக்கிறது. இலங்கை அந்தப் பட்டியலில் உள்ளது. சுவிஸ் குடியுரிமை பெறாதவர்களுக்கு அங்கே ஒரு பழைய லூகரும் இல்லை. பிரித்தானியாவில் 1996இல் டன்பிளேன் பாடசாலைப் படுகொலைக்குப் பின் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. வரலாற்று மதிப்புள்ளவற்றுக்கு மட்டும் கடும் நிபந்தனையுடன் விதிவிலக்கு உண்டு. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் முடக்கப்பட்டுள்ளன. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதியின்றி எந்தச் சுடுகலனும் வைத்திருக்க முடியாது. ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு எத்தனை ஆபத்தானது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

சேகரிக்க விரும்பினாலும் துப்பாக்கியைத் தொடாமலே இதில் இறங்கலாம். தோல் உறைகளிலும் செய்தவரின் பெயரும் ஆண்டும் குத்தப்பட்டிருக்கும். கைநூல்கள், படைப்பதிவுகள், புகைப்படங்கள், துண்டுக் கடிதங்கள் என்று காகிதப் பக்கமே ஒரு தனி உலகம். சாட்சியைத் தேடுபவர்களுக்கு அதுவே அதிகம் பயன்படும். ஒவ்வொரு சுடுகலனிலும் செய்தவர், நாடு, தொடரிலக்கம் ஆகியவை அழியாமல் பொறிக்கப்பட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005 டிசம்பரில் ஏற்ற ஆவணம் சொல்கிறது. மோதல் வலயங்களில் கிடைத்த ஆயுதங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடும் ஆய்வாளர்கள் செய்வதும், லூகரைத் திருப்பிப் பார்க்கும் சேகரிப்பாளர் செய்வதும் அடிப்படையில் ஒரே வேலைதான்.

நேரில் பார்க்க விரும்புவோருக்கு சூல் நகர ஆயுத அருங்காட்சியகம், ஓபர்ண்டோர்வின் ஆயுத அருங்காட்சியகம், கோப்லென்ஸ் படைத்துறைத் தொழில்நுட்பச் சேகரிப்பு, இங்கிலாந்தில் லீட்ஸ் அரச ஆயுதசாலை ஆகியவை உண்டு. இவற்றில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால், ஹம்பேர்க் பக்கம் நொயன்கம்ம நினைவிடத்திலுள்ள வால்தர் கட்டடத்துக்கு முதலில் போங்கள்.